இரண்டாவது குலுக்கை

(திருச்சுழியில் நடந்த கணக்காளர், ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்றைக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்தும், நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் இருந்தும் காட்டு வேலையையும் தறி வேலையையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரத்தை வீணாக்காம விஷயத்துக்கு வந்துடுறோம். இன்னைக்கு நாங்க பேச வந்தது கடன் பற்றி இல்லை, வட்டி பற்றியும் இல்லை. வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்குள்ளே இரண்டாவதா ஒரு ஹார்டு டிஸ்க் மாட்டுவது எப்படி என்பதுதான் விஷயம்.

"இது எங்களுக்கு எதுக்குங்க?" என்று பின்னால் இருந்து ஒரு அக்கா கேட்கிறது காதில் விழுது. நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் நம்ம வீடுகளில் குலுக்கை இருந்தது இல்லையா? கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் கொட்டி வைக்கிற மண் குலுக்கை. கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற ஹார்டு டிஸ்கும் ஒரு குலுக்கைதான். நம்ம சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதுக்குள்ளேதான் இருக்கு. மானம் பார்த்த பூமியில் பிழைக்கிறவர்கள் நாம். எந்த வருஷம் மழை பெய்யும், எந்த வருஷம் பொய்க்கும் என்று தெரியாது. அதனால விதைத் தானியத்தை மட்டும் நம்ம பாட்டிமார் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். ஆனால் நாங்க, படிச்சவங்க என்று சொல்லிக்கொண்டு வந்த நாங்க, உங்க கணக்கு மொத்தத்தையும் ஒரே குலுக்கையில் கொட்டிவிட்டோம். அந்தத் தப்பைத்தான் முதலில் சொல்லப் போகிறோம்.

நடந்தது என்ன?

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு கிராமத் தொகுப்பின் கணக்குகள் ஒரு கணக்காளர் தங்கச்சியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. கல்லூரியில் படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. 14 குழுக்களின் கணக்கு அதில் ஏறியிருந்தது. நாங்க போய், "கம்ப்யூட்டரில் ஏத்தியாச்சு, இனிமேல் குழு நோட்டில் மறுபடி எழுத வேண்டாம், இரட்டை வேலை" என்று சொல்லிவிட்டு வந்தோம். உறுப்பினர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தத் தங்கச்சி பொறுப்பானவள். மாசாமாசம் சி டிரைவில் இருக்கிற கணக்கை டி டிரைவுக்குக் காப்பி எடுத்து வைப்பாள். அதையும் நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம். ஒரு ஐப்பசி மாசம் கம்ப்யூட்டரிலிருந்து "டிக், டிக்" என்று ஒரு சத்தம். இரண்டு நாள் கழித்து அது திறக்கவே இல்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. சி-யும் போச்சு, டி-யும் போச்சு. ஏன் என்றால் இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகம். குலுக்கைக்கு நடுவில் தடுப்பு வைத்து இந்தப் பக்கம் கம்பு, அந்தப் பக்கம் சோளம் கொட்டினால் அது இரண்டு குலுக்கை ஆகிவிடுமா? இடிந்து விழுந்தால் இரண்டும் சேர்ந்துதானே போகும்?

நாலு மாசக் கணக்கு நோட்டிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. ஒன்பது நாள் வீடு வீடாகப் போய் பாஸ்புக்குகளை வாங்கிக் கணக்கைத் திரும்ப எழுதினோம். எல்லோருடையதும் வந்துவிட்டது, ஒரு அக்காவுடையதைத் தவிர. அவர் கடைசித் தவணை 6,000 ரூபாய் கட்டிக் கடனை முடித்திருந்தார். அவர் பாஸ்புக் மழையில் ஓடு ஒழுகி நனைந்து, எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது. "கட்டிட்டேன்" என்கிறார். எழுத்தில் எங்கேயும் இல்லை. யாரும் அவரை நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கூட்டம் அவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். காசு பெரிசா, பேர் பெரிசா?

கடைசியில் வங்கிச் சலான்தான் காப்பாற்றியது. அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் குழு வங்கியில் கட்டியது 18,400 ரூபாய். குழுவில் 12 பேர். மற்ற 11 பேர் பாஸ்புக்கிலும் அந்தத் தேதியில் இருந்ததைக் கூட்டினோம். 12,400 வந்தது. மீதி 6,000. அந்த அக்கா கட்டியது ரூபாய் குறையாமல் அப்படியே நின்றது. அடுத்த கூட்டத்தில் நாங்க எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். தப்பு அவருடையது இல்லை, கணக்காளர் தங்கச்சியுடையதும் இல்லை. நோட்டை நிறுத்தச் சொன்னதும் நாங்கதான், டி டிரைவ் போதும் என்று சொன்னதும் நாங்கதான்.

கணக்கு போனால் என்ன போகும்?

நம்ம குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் என்று ஐந்து சொல்வார்கள். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், சரியான தவணை, சரியான கணக்கு. ஐந்தாவது போனால் முதல் நாலும் நடந்ததுக்குச் சாட்சி இல்லை. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கிற திட்டத்தை 500 குழுக்களோடு தொடங்கியது. சொத்தோ, பத்திரமோ, ஜாமீனோ கேட்காமல் வங்கி நமக்குக் கடன் தருகிறது என்றால், அது நம்பித் தருவது நம்ம கணக்கைப் பார்த்துத்தான். 2015-ல் நபார்டு இ-சக்தி என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஜார்க்கண்டின் ராம்கட், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் ஆரம்பித்தது. ஆகவே கம்ப்யூட்டர் வேண்டாம் என்று ஓட முடியாது. அதைப் பத்திரமா வைத்துக்கொள்ளக் கற்கணும், அவ்வளவுதான்.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு இருக்கு. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். அதன் மேலே ஒரு முள், தட்டைத் தொடாமல், தலைமுடியை விட மிகச் சின்ன இடைவெளியில் மிதந்துகொண்டே எழுதும், படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இடித்தால், ஆட்டினால் முள் தட்டில் பட்டு எழுத்து அழியும். அந்த டப்பாவை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. நம்ம கரிசல் காட்டுத் தூசி ஒரு துளி போனால் போதும், அதோடு சரி.

1956-ல் ஐபிஎம் கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், சுமார் ஒரு டன் எடை. அதில் கொள்ளும் அளவு சுமார் 5 எம்பி. இன்றைக்கு நம்ம பிள்ளைகள் செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்கு அது சரியாப் போகும்! இன்றைக்குக் கைக்குள் அடங்குகிற டிஸ்கில் அதைப் போல இரண்டு லட்சம் மடங்கு கொள்ளுகிறது. ஆனால் எந்த டிஸ்கும் ஒருநாள் தேயும். "டிக் டிக்" சத்தம், ஃபைல் திறக்க ரொம்ப நேரம், அடிக்கடி நீலத் திரை வந்து நிற்பது, இவை அடையாளம். அப்படி வந்தால் முதல் வேலை கணக்கைக் காப்பி எடுப்பது. மற்றதெல்லாம் பிறகு.

வாங்கும் முன்னால்

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து, ஏற்கெனவே இருக்கிற டிஸ்குக்கு எந்த மாதிரி ஒயர் போகுது என்று பாருங்க. இரண்டு விரல் அகலத்துக்கும் கூடுதலா, நாடா மாதிரி தட்டையா இருந்தால் அது ஐடிஇ. ரொம்பப் பழசு. விரலை விட ஒல்லியா இருந்தால் அது சாட்டா. 2003-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மதர்போர்டில் சாட்டா ஒயர் சொருக இடம் காலியா இருக்கா, பவர் சப்ளையிலிருந்து தட்டையான 15 முள் சாட்டா பவர் ஒயர் மீதி இருக்கா என்று பாருங்க. பவர் ஒயர் இல்லை என்றால், பழைய 4 முள் ஒயரிலிருந்து மாற்றித் தரும் சின்ன ஒயர் கடையில் கிடைக்கும்.

எவ்வளவு பெரிசு வாங்குவது? கணக்குக்கும் போட்டோவுக்கும் 500 ஜிபி, மிஞ்சினால் 1 டிபி தாராளம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பழைய கம்ப்யூட்டர் 2 டிபிக்கு மேலே முழுசா எடுத்துக்கொள்ளாது. மதுரையிலோ விருதுநகரிலோ இரண்டு கடை விசாரிச்சு, பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்க. பழைய டிஸ்கைப் புதுசு மாதிரி விற்பதும் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு. எத்தனை மணி நேரம் ஓடிய டிஸ்க், இப்போது நல்லா இருக்கா என்று அது காட்டிவிடும்.

ஐடிஇ மட்டும் உள்ள ரொம்பப் பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஐடிஇ டிஸ்கைத் தேடி அலைய வேண்டாம். யுஎஸ்பியில் சொருகுகிற வெளி டிஸ்க் ஒன்று வாங்கிவிடுங்க.

மாட்டும் முறை

1. முதலில் இருக்கிற கணக்கை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்க. இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரைத் தொடக் கூடாது.

2. கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தி, சுவிட்சை அணைத்து, ஒயரையும் பிளக்கிலிருந்து பிடுங்குங்க. அப்புறம் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி விடுங்க. உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க.

3. பாலியஸ்டர் சேலை உடுத்தும்போது பட்பட்டென்று பொறி பறக்கும் இல்லையா? அந்தச் சின்னப் பொறி டிஸ்கின் பலகையைக் கெடுத்துவிடும். அதனால பருத்திச் சேலை நல்லது. தகட்டைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிங்க. இடையிலும் தொட்டுக்கொள்ளுங்க.

4. உள்ளே இருக்கிற தூசியைக் காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷால் தட்டி விடுங்க. ஈரத் துணி ஆகாது.

5. பழைய டிஸ்குக்குக் கீழேயோ மேலேயோ இருக்கிற காலி அறையில் புது டிஸ்கைச் சொருகி, இரண்டு பக்கமும் ஸ்குரூ போடுங்க. ஆடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் இருந்தால் சூடு குறையும். நம்ம சித்திரை வெயிலுக்கு இது முக்கியம்.

6. சாட்டா ஒயரின் ஒரு முனை மதர்போர்டில், மறுமுனை டிஸ்கில். பிறகு பவர் ஒயர். இரண்டும் ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையலை என்றால் திருப்பிப் பாருங்க, அமுக்காதீங்க.

யாரிடமாவது பழைய ஐடிஇ டிஸ்க் சும்மா கிடந்து, அதை மாட்டுவதாக இருந்தால் ஒன்று கவனிக்கணும். ஒரே நாடா ஒயரில் இரண்டு டிஸ்க் தொங்கும். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். டிஸ்கின் பின்னால் ஜம்பர் என்று ஒரு குட்டிக் குப்பி இருக்கும். எந்த இடத்தில் போட்டால் எது என்று டிஸ்க் மேல் ஒட்டின லேபிளில் படமாகவே இருக்கும். பழசு மாஸ்டர், புதுசு ஸ்லேவ். பயிற்சியில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா, "முதலாளி, அடிமை என்று இதிலேயுமா பேர் வைத்தார்கள்?" என்று கேட்டார். இதே கேள்வி அமெரிக்காவிலும் வந்தது. 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம் இந்தப் பேரை மாற்றச் சொல்லிக் கம்பெனிகளுக்கு எழுதியது. சாட்டாவில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு ஒயருக்கு ஒரு டிஸ்க், யாரும் யாருக்கும் அடிமை இல்லை.

குலுக்கையை மெழுகுவது

புதுக் குலுக்கையை மெழுகிக் காய வைத்துத்தானே தானியம் கொட்டுவோம்? புது டிஸ்கையும் அப்படித் தயார் செய்யணும். அதற்குப் பேர் ஃபார்மட்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் இரண்டு டிஸ்கும் தெரியுதா என்று பாருங்க. தெரியலை என்றால் மறுபடி அணைத்து ஒயரைச் சரியாகச் சொருகுங்க. எந்த டிஸ்கிலிருந்து முதலில் கிளம்பணும் என்ற வரிசையில் பழைய டிஸ்க் முதலில் இருக்கணும்.

விண்டோஸ் வந்ததும் மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக் செய்து மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க. புது டிஸ்கை இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்க. எக்ஸ்பியில் டைனமிக் டிஸ்காக மாற்றவா என்றும் ஒரு கேள்வி வரும், அதில் டிக் போடாதீங்க. கறுப்புப் பட்டையோடு அன்அலகேட்டட் என்று தெரிவதுதான் புது டிஸ்க். அதன் மேல் வலது கிளிக் செய்து நியூ வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட். எக்ஸ்பியில் நியூ பார்ட்டிஷன் என்று இருக்கும். பெயர் கேட்கும் இடத்தில் "இருப்பு" என்றோ குழுப் பெயரோ கொடுங்க.

இந்த இடத்தில்தான் நிதானம் வேணும். பழைய டிஸ்கைத் தெரியாமல் ஃபார்மட் செய்தால், நிறைந்த குலுக்கையைத் தெருவில் கவிழ்த்துவிட்டு மெழுகின மாதிரி ஆகிவிடும். அளவைப் பாருங்க, பேரைப் பாருங்க, பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைத்து இரண்டு பேரும் வாய்விட்டுப் படிச்ச பிறகு பட்டனை அழுத்துங்க.

இன்னொன்று. 500 ஜிபி வாங்கினால் திரையில் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் எடையில் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீங்க. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. படி வேற, தானியம் அதேதான்.

மாட்டினால் மட்டும் போதாது

ஒவ்வொரு கூட்டம் முடிந்து கணக்கு ஏற்றினதும், கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரைப் புது டிஸ்குக்குக் காப்பி செய்யணும். கட் செய்து ஒட்டக் கூடாது, அது இடம் மாற்றுவது. தேதியைப் பேராக வைங்க. காப்பி எடுத்ததைத் திறந்து, கடைசி வரவு சரியா இருக்கா என்று பாருங்க. திறந்து பார்க்காத காப்பியை நம்ப முடியாது.

இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டிக்குள்ளேதான் இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இடி விழுந்து கரண்ட் ஏறினால் இரண்டும் சேர்ந்து போகலாம். திருடன் பெட்டியைத் தூக்கினாலும் அப்படித்தான். அதனால மாசம் ஒரு முறை மூணாவது காப்பி ஒன்று பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுத்து, வேற ஊரில் இருக்கிற பிரதிநிதி வீட்டில் வைக்கணும். இடி இடிச்சால் பிளக்கைப் பிடுங்கிவிடணும். நாலாவதாக நோட்டு. ஆமாம், நிறுத்தச் சொன்ன அதே நாங்கதான் சொல்றோம், கூட்டத்திலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. பாஸ்புக்கை பாலித்தீன் பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைங்க.

வைரஸும் இருக்கு. 2017 மே மாசம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் பூராவும், சரிவரப் புதுப்பிக்காத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்டது. எக்ஸ்பிக்குக் கம்பெனி ஆதரவு 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடும் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இண்டர்நெட் ஒயரைச் சொருகாமல் இருப்பது நல்லது. கண்ட பென் டிரைவையும் சொருக விடாதீங்க.

நம்மால் முடியுமா?

"பொம்பளைங்க கம்ப்யூட்டரைக் கழற்றுவதா? ஷாக் அடிச்சிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தபோது அதை நடத்தியவர்களில் நிறையப் பேர் கிராமத்துப் பெண்கள்தான். நம்ம பக்கத்து மேலூர் வட்டாரத்திலும் 2001-லிருந்து கிராமத்து இண்டர்நெட் மையங்களைப் பெண்கள் நடத்தினார்கள். தறியில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கைக்கு இரண்டு ஒயர் சொருகுவது பெரிய காரியமா?

அந்த டிஸ்க் போன கம்ப்யூட்டருக்குப் பிறகு புது டிஸ்க் ஒன்றும், அதோடு இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்கினோம். மாட்டினது கடைக்காரர் இல்லை. அந்தக் கணக்காளர் தங்கச்சிதான் மாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடிச்சது யார் தெரியுமா? அந்த 6,000 ரூபாய் அக்கா. ஃபார்மட் பட்டனை அழுத்தும் முன்னால், "பழசு எது, புதுசு எது, மறுபடி சொல்லு" என்று மூணு தடவை கேட்டவரும் அவர்தான். மாசம் ஒரு தடவை எடுக்கிற மூணாவது காப்பியும் இன்றைக்கு அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கு. குழுவே தீர்மானம் போட்டு அவரிடம் கொடுத்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த மேஜை மேல் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் இரண்டு பேர் வந்து கழற்றி மாட்டிப் பார்க்கணும். நாங்க பக்கத்தில் நிற்போம், கை வைக்க மாட்டோம். ஊருக்குப் போனதும் உங்க தொகுப்பின் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கு என்று எண்ணிப் பாருங்க. ஒரு இடம் என்றால், அடுத்த கூட்டத்துத் தீர்மானப் புத்தகத்தில் முதல் பொருளாக அதை எழுதுங்க.